அடெலின் அண்ணி மறித்த மான்

அடெலின் அண்ணி பிறந்தது மரம் முளைக்காத பொட்டலில், ஒரு கூடாரத்துக்குள். அந்த நேரம் கரிபு மான் கூட்டம் கூடாரத்தைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்ததாம். நடக்கும்போது அத்தனை கால் மூட்டுகளும் சொடுக்குகிற சத்தத்தில் பிள்ளையின் அழுகையே கேட்கவில்லை என்று அவருடைய அப்பா ஊரெல்லாம் சொல்வார். அண்ணி அதை நம்பியதில்லை. "எங்கப்பாவுக்கு இடி இடிச்சாலே கேக்காது. அவரு காதை நம்பி எதையும் சொல்லாதீங்க" என்பார்.

என் பெரியப்பா மகன் மொயிஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் ஊரான நிட்சித்திக்கு வந்தார். பெரிய ஏரியின் தென்கரைக்காரி. எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பதப்படுத்துகிற தோலில் கூடாரம் கட்டலாம், சட்டை தைக்க முடியாது என்று கேலி செய்தார்கள். அண்ணி அதற்கெல்லாம் அசரவில்லை. வடக்கே வைரச் சுரங்க முகாமில் சமையல் வேலைக்குப் போனார். அங்கே இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம். முகாமிலிருந்து திரும்பும்போதெல்லாம் பெரிய டப்பாக்களில் இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார். தோலைப் பற்றிய பேச்சு மெல்ல நின்றுபோனது.

மொயிஸ் அண்ணன் வேட்டைக்காரர். ஊரில் எல்லோரும் வேட்டைக்காரர்கள்தான், ஆனால் அவர் போனால் வெறுங்கையோடு வரமாட்டார். குறி பார்க்கும்போது உதடு அசையும். மானிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால், "அது எங்களுக்குள்ள" என்பார். அவருடைய தம்பி நார்சிஸ், என் வயதுக்காரன், அண்ணன் பின்னாலேயே சுற்றி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். அப்பா இல்லாத வீட்டில் மொயிஸ் அண்ணன்தான் அவனை வளர்த்தார். அவன் பல் தேய்க்கிற விதம்கூட அண்ணன் மாதிரியே இருக்கும் என்று அண்ணி சொல்வார்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊர்க்காரர்கள் சின்ன விமானத்தில் பொட்டலுக்குப் போய், மான்கள் ஏரியைக் கடக்கிற இடத்தில் கூடாரம் போடுவோம். அந்த வருஷமும் போனோம். மொயிஸ் அண்ணன் தினமும் காலையில் பைனாகுலரோடு குன்றின் மேல் ஏறி உட்கார்ந்தார். பகலெல்லாம் காத்திருந்தார். பழைய தடங்கள் இருந்தன. பாறையில் தலைமுறை தலைமுறையாகக் குளம்பு தேய்த்த பள்ளங்கள் இருந்தன. மான் வரவில்லை. மீனைப் பிடித்துத் தின்றுகொண்டு இருந்தோம். பனி விழத் தொடங்கியதும் கிளம்பினோம்.

எங்கள் ஊர்க் கரையில் பெண்கள் கத்தியைத் தீட்டி, பாத்திரங்களைக் கழுவி வைத்துக்கொண்டு நின்றார்கள். விமானத்தின் கதவு திறந்தது. கூடாரங்களை இறக்கினோம். அடுப்பை இறக்கினோம். அதற்குப் பிறகு இறக்குவதற்கு ஒன்றுமில்லை. பெண்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

குளிர்காலத்தில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அரசாங்கத்தின் விலங்கியல் ஆய்வாளர் இங்க்ரிட் வந்திருந்தார். மெலிந்த, உயரமான பெண். பல வருஷமாக எங்கள் பக்கம் வந்துபோகிறவர். ஏரியில் வலை போடுகிற அளவுக்குப் பழகியவர். அவர் சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்த கூட்டம் இப்போது சில ஆயிரத்தில் நின்றது. ஏன் என்று கேட்டதற்கு அவர் ஒரே காரணம் சொல்லவில்லை. காட்டுத்தீ மான் தின்கிற பாசியை எரித்திருக்கலாம், சுரங்கச் சாலைகள் வழியை மறித்திருக்கலாம், ஓநாய், வெயில், வேட்டை எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றார். அண்ணிதான் அதை எங்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மான் எங்கே போகிறது என்று காட்டுகிற ரேடியோப் பட்டையைச் சில மான்களின் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். கிழவர் எலுவா எழுந்தார். "கழுத்துல பட்டை மாட்டி விட்டா எந்த மான் இந்தப் பக்கம் வரும்? அந்தப் பொண்ணு கழுத்துல மாட்டினா அவ வருவாளான்னு கேளு."

அண்ணி முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதை அப்படியே இங்க்ரிட்டிடம் சொன்னார்.

"வரமாட்டேன்" என்றார் இங்க்ரிட். "ஆனா அதுங்க எங்க இருக்குதுன்னு தெரியாம எப்படிக் காப்பாத்துறதுன்னு எனக்குத் தெரியலை. வேற வழி இருந்தா சொல்லுங்க, செய்வோம்."

அந்தப் பதில் கூட்டத்துக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் பேச்சு மறுநாள் வரைக்கும் இழுத்தது. பட்டைகளைக் குறைப்பதென்றும், கோடையில் எங்கள் ஆட்களும் பொட்டலில் நடந்து மானைப் பார்ப்பதென்றும், பட்டை போட்ட பெண்மான்கள் இருக்கிற இடத்தைச் சுற்றி யாரும் சுடக்கூடாத எல்லை ஒன்று போடுவதென்றும் பேசினார்கள். மான் நகர நகர எல்லையும் நகரும். சுடக்கூடாது என்ற இடத்தில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் மொயிஸ் அண்ணன் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அது கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னு சில பேர் சொல்றாங்க. இருக்கலாம். கோவிச்சுக்கிட்டுப் போன ஆளு வீட்டு வாசல்ல துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டா போய் நிப்போம்? கொஞ்ச காலம் விட்டுடுவோம்."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த கேள்வி, குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் போடுகிற பனிச்சாலையில் சாவடி போட்டு வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது யார் என்பது. அரசாங்க ஆள் வேண்டாம், நம்ம ஊர் ஆள்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் தன் மச்சானையும் மாமனையும் மறிக்க யாருக்கு மனசு வரும்?

"நான் உக்காருறேன்" என்றார் அடெலின் அண்ணி. "ஒரு முகாம் நிறைய ஆம்பளைங்களுக்குச் சாப்பாடு போட்டு அதட்டினவ நான். உங்களை அதட்ட மாட்டேனா?" பிறகு என்னைக் காட்டினார். "இவனும் வருவான்."

என்னை யாரும் கேட்கவில்லை.

சாவடி என்றால் ஒட்டுப்பலகை அடித்த ஒரு அறை, ஒரு இரும்பு அடுப்பு, இரண்டு கட்டில். ஏரி மேல் போட்ட பனிச்சாலை கரையேறுகிற இடத்தில் இருந்தது. சுரங்கத்துக்குப் போகிற பெரிய லாரிகள் பகலெல்லாம் பனிக்கட்டியை முனகவைத்துக்கொண்டு போகும். இடையிடையே வேட்டைக்காரர்களின் வண்டிகள் வரும். அண்ணி எல்லோரையும் முதலில் உள்ளே கூப்பிட்டு டீயும் சட்டியில் சுட்ட பானக் ரொட்டியும் கொடுப்பார். வீட்டு நலம் விசாரிப்பார். அதன் பிறகுதான், "சரி, வண்டியைத் திற" என்பார்.

பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் நக்கலாகக் கேட்டான். "போலீஸ்காரம்மா, என் டீத்தூளையும் சோதிக்கணுமா?"

"வேண்டாம்டா. வாசமே சொல்லுது அது மட்டத் தூள்னு. உள்ள வந்து நல்ல டீ குடிச்சிட்டுப் போ."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் குளிர்காலம் முழுக்க எங்கள் ஊர்ப் பிள்ளைகள்கூட அவரைப் போலீஸ்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. முரண்டு பிடித்தவர்களும் உண்டு. ஒருவன் அண்ணியின் பாட்டன் பெயரைச் சொல்லித் திட்டினான். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பாட்டன் பேரைத் தப்பாச் சொல்றே. அது அவரு தம்பி" என்றார்.

மொயிஸ் அண்ணனுக்கு உடம்புக்கு வந்தது இரண்டாவது குளிர்காலத்தில். வயிற்றில் புற்று. தெற்கே பெரிய நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வயிற்றை அறுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் பார்த்தால் இன்னொரு ஆஸ்பத்திரிதான் தெரிகிறது என்று அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏரி தெரிகிற மாதிரி ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். அண்ணி சாவடிக்குப் போகிற வாரங்களில் அவருடைய அக்கா மகள் வந்து பார்த்துக்கொண்டாள்.

அவரால் சாப்பிட முடியவில்லை. கடைக் கோழியின் வாசம் வந்தாலே முகத்தைத் திருப்புவார். மீன் சாற்றை இரண்டு வாய் குடிப்பார். அண்ணி எங்கெங்கோ சொல்லி மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் இறைச்சி வாங்கி வேகவைத்துக் கொடுத்தார்; அதுவும் இறங்கவில்லை. வடமேற்கில் இன்னொரு மான் கூட்டம் நன்றாக இருந்தது, அங்கே வேட்டைக்குத் தடையில்லை. அங்கிருக்கிற சொந்தக்காரர்களிடம் அண்ணி கேட்டார். அனுப்புகிறோம் என்றார்கள். வானிலை சரியில்லாமல் விமானம் தள்ளிக்கொண்டே போனது.

ஒருநாள் நார்சிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் தானாகவே பேசினார். "அம்மா கால் எலும்பை உடைச்சு வேகவைப்பாளே, ஞாபகம் இருக்கா? மேல கொழுப்பு வெள்ளையா மிதக்கும். அதை நாம ரெண்டு பேரும் கரண்டிக்கு அடிச்சுக்குவோம்."

வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சும்மா நினைத்துக்கொண்டார். நார்சிஸ் எழுந்து வெளியே போனான்.

மார்ச் மாதத்தில் வெயில் திரும்பி வந்து பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். அப்படி ஒரு மத்தியானம் நார்சிஸின் வண்டி வடக்கேயிருந்து வந்தது. மேலே பனியில் ஓட்டுகிற ஸ்கிடூவை ஏற்றிக் கட்டியிருந்தான். நிறுத்தமாட்டானோ என்று நினைக்கிற வேகத்தில் வந்து, சாவடிக்கு முன்னால் சறுக்கி நின்றான். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"அண்ணி, இன்னைக்கு டீ வேண்டாம். அவசரம்."

"அவசரக்காரனுக்குத்தான் டீ. இறங்கு."

"அண்ணன் எப்படி இருக்காருன்னு பாக்கணும்."

"காலையில ரேடியோல வீட்டுக்குப் பேசினேன். தூங்கிட்டு இருக்காரு. பின்னாடி என்ன வச்சிருக்கே?"

"சாமான்தான்."

அண்டங்காக்கைகள் இரண்டு வண்டிக்குப் பின்னாலேயே வந்து பனி மேல் இறங்கி நின்றன. அண்ணி அவற்றைப் பார்த்தார். "சாமானுக்கெல்லாம் இதுங்க துணைக்கு வராது நார்சிஸ்."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். "யாருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணி?"

"தெரியும். அதனாலதான் இறங்குன்னு சொல்றேன்."

அவன் இறங்கினான். அண்ணி தார்ப்பாயைத் தூக்கினார். நானும் பக்கத்தில் நின்றேன். அண்ணன் கற்றுக்கொடுத்த மாதிரியே சுத்தமாக வெட்டி, தோலில் சுற்றி வைத்திருந்தான். தலை தனியாக இருந்தது. கொம்பு சின்னது.

"பொட்டை" என்றார் அண்ணி.

"கண்ணுல வெயில் அடிச்சுது. கடான்னு நினைச்சுட்டேன்."

"இந்த மாசத்துல கொம்போட நிக்கிறது பொட்டைன்னு உனக்குத் தெரியாதா?" அவர் குரல் உயரவில்லை. "வயித்துல?"

நார்சிஸ் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "இருந்துச்சு" என்றான். "மரக்கிளை பரப்பி அதுல படுக்கவச்சு மூடிட்டேன். அதுக்குப் புகையிலை படைச்சேன். மன்னிச்சுக்கோன்னு சொன்னேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

அண்ணி வண்டியின் பின்பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றி, அந்த மானின் தோல் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அவர் கண் கலங்கியதா, குளிர்காற்றில் நீர் வந்ததா, எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து உள்ளே போனார். எதற்குப் போகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"டேய், நீயாவது சொல்லுடா" என்றான் நார்சிஸ்.

"அண்ணி" என்றேன். "அண்ணனுக்காகத்தானே..."

அவர் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "உங்க அண்ணன்தான் அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு பேசினாரு தம்பி. அவரு சொன்ன வார்த்தையை அவரு பேரைச் சொல்லியே நான் மீறணுமா? நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அவன் வீட்லயும் யாராவது படுத்துக் கிடப்பாங்க. அவனை எந்த வாயால நிறுத்துவேன்?"

"அவரு போனதுக்கப்புறம்?" நார்சிஸ் கத்தினான். "அதுக்கப்புறம் இந்தச் சாவடியைக் கட்டிக்கிட்டு அழுவீங்களா?"

அண்ணி பொத்தானை அழுத்தி வனவிலங்கு அதிகாரியிடம் பேசினார். யார், எங்கே, என்ன என்று தெளிவாகச் சொன்னார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அதிகாரி வருகிறவரை நார்சிஸ் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்து அழுதான். அண்ணி ஒரு கோப்பை டீ கொண்டுபோய் அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, பனியில் கொட்டிவிட்டுக் கோப்பையை அவரிடமே கொடுத்தான்.

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் செய்தி முன்னாலேயே போய்விட்டது. கடையில் அண்ணியைப் பார்த்துச் சிலர் மறுபக்கம் நடந்தார்கள். சிலர் கையைப் பிடித்து அழுத்தினார்கள், ஆனால் யாரும் பார்க்காத இடத்தில். நார்சிஸின் மனைவி இவெத் மட்டும் நேருக்கு நேராக வந்து நின்றாள்.

"கட்டின புருஷன் வாய்க்குப் போறதைப் புடுங்கினவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

அண்ணி வாங்கிய சாமானை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மொயிஸ் அண்ணன் விழித்திருந்தார். நான் பையை உள்ளே வைத்தேன்.

"என் தம்பியைப் புடிச்சிட்டியாமே" என்றார்.

"புடிச்சிட்டேன்."

"ஓடப் பாத்தானா?"

"இல்லை. உக்காந்து அழுதான்."

அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் அண்ணியோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மீன் சாற்றை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். தான் நின்று பேசிய பேச்சு வந்து தன் தம்பியின் தலையிலேயே விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஏரியையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அண்ணி வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். தேவைக்கு மேல் பிளந்து குவித்திருந்தார். நான் கோடரியை வாங்கினேன்.

"சரியாத்தான் செஞ்சேன் தம்பி" என்றார். "ஆனா சரியாச் செஞ்ச மாதிரி மனசுல இல்லை. உங்கண்ணன் என்னைத் திட்டியாவது இருக்கலாம்."

அந்த வாரம் ஊர்ச் சபை கூடியது. பறிமுதல் செய்த இறைச்சியை என்ன செய்வது என்று கேட்டபோது, சபைத் தலைவி வேறு யோசனைக்கே இடம் கொடுக்கவில்லை. அந்த மான் செத்தாயிற்று, குளிர்பெட்டியில் கிடந்து வீணாகப் போனால் அதற்கு இரண்டாவது அவமானம் என்றார். அதிகாரியும் ஒத்துக்கொண்டார். ஊரில் படுத்திருக்கிற நோயாளிகளுக்கும், நடக்க முடியாத கிழவர்களுக்கும் பங்கு போட்டார்கள். அப்படிப் பார்த்தால் மொயிஸ் அண்ணன் வீட்டுக்குப் பங்கு போகாமல் இருக்க முடியாது. எடுத்துக்கொண்டு போக யாரும் முன்வராததால் என் கையில் கொடுத்தார்கள். முன்னங்கால்கள் இரண்டு, நாக்கு, கொஞ்சம் விலா.

அண்ணி கதவைத் திறந்து பொட்டலத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "இந்த வீட்டுக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ தம்பி. புடுங்கி வீட்டுக்குக் கொண்டாந்துட்டான்னு சொல்வாங்க."

"சபை கொடுத்தது அண்ணி. எல்லா நோயாளிக்கும் கொடுத்திருக்காங்க."

"கேக்கலையா? எடுத்துட்டுப் போ."

"என்ன அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பல நாளைக்குப் பிறகு அண்ணன் அந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலருகே போய் நின்றார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"மான். உன் தம்பி அடிச்சது. நான் புடிச்சது. இப்ப சபை உனக்குன்னு கொடுத்து அனுப்பியிருக்கு."

மொயிஸ் அண்ணன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. வலியில் துடிக்கிறார் என்று நினைத்து நான் ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

"ஒரே ஒரு மானு" என்றார் மூச்சு வாங்கி. "என் கட்டில்கிட்ட வர்றதுக்குள்ள எத்தனை ஆபீசு ஏறி இறங்கியிருக்கு பாரு!"

அண்ணியும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து அவர் போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதார். அண்ணன் அவர் தலைமுடியில் கை வைத்தார். நான் அடுப்புக்கு விறகு வைக்கப் போனேன்.

"வேகவை" என்றார் அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து. "ஆனா அவன் வந்தாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

"அவன் வரமாட்டான் மொயிஸ்."

"நீ போய்க் கூப்பிடு. போலீஸ்காரம்மா வந்து கூப்பிட்டா வராம முடியுமா?"

நானும் கூடப் போனேன். நார்சிஸ் வீட்டுக் கதவை இவெத் திறக்கவில்லை. ஜன்னல் திரை அசைந்தது, அவ்வளவுதான். அண்ணி படியில் நின்று கதவைப் பார்த்துப் பேசினார்.

"நார்சிஸ், உங்க அண்ணன் கூப்பிடுறாரு. எலும்பு உடைக்க ஆள் வேணும்."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எனக்காக வர வேண்டாம்" என்றார் அண்ணி. "என்கூடப் பேசவும் வேண்டாம். நான் வேணும்னா நீ இருக்கிற வரைக்கும் வெளிய நிக்கிறேன்."

கதவு திறந்தது. நார்சிஸ் சட்டையோடு நின்றான். தாடி மழிக்காமல் முகம் வீங்கியிருந்தது. "நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் அண்ணி."

"நானும் கேக்க மாட்டேன். கோட்டைப் போட்டுக்கிட்டு வா."

அன்று சாயங்காலம் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. நார்சிஸ் தரையில் உட்கார்ந்து கோடரியின் பின்பக்கத்தால் எலும்பை நொறுக்கினான். அண்ணி பானையை ஏற்றினார். கொதித்து ஆறியதும் கொழுப்பு மேலே வந்தது. அண்ணன் முதலில் நாக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டச் சொல்லி, அடுப்பைத் திறந்து தீயில் போடச் சொன்னார். அந்த மானுக்கும், அதன் வயிற்றில் இருந்ததற்கும், எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கும் என்று சொல்லி நார்சிஸ்தான் போட்டான்.

மொயிஸ் அண்ணன் கரண்டியால் நாலைந்து வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கரண்டியைத் தம்பியிடம் நீட்டினார். "இந்தா. இன்னைக்கு அடிச்சுக்க வேண்டாம்."

நார்சிஸ் குடித்தான். அதன் பிறகுதான் அண்ணன் கேட்டார். "குட்டியை எங்க வச்சே?"

நார்சிஸ் இடத்தைச் சொன்னான். எந்த ஏரி, எந்த முனை, எப்படிப்பட்ட மரம் என்று சொன்னான். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். "நல்ல இடம்தான்" என்றார். "ஆனா நீ எனக்காகச் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. அது என் மேல ஏறி உக்காருது. நீயே செஞ்சேன்னு சொல்லு."

"சரி."

"இவளை விட்டுடு. இவ இல்லைன்னா நானே உன்னைப் புடிச்சுக் கொடுத்திருப்பேன்."

"நீ கட்டில்ல கிடந்துக்கிட்டு எப்படிப் புடிப்பே?"

"கொஞ்சம் மெதுவா ஓடுவே இல்ல, அண்ணன்னு."

நார்சிஸ் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை, பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் அன்றிரவு அண்ணன் தன்னோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

வடமேற்கிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய இறைச்சி அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. அதற்குள் அண்ணனுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஏரியின் பனி கருத்து, ஓரம் விட்டு, உடைவதற்குக் காத்திருந்த நாளில் அவர் போனார். வடக்கிலிருந்து வந்த இறைச்சியைத்தான் அவர் சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டோம். இங்க்ரிட் வந்திருந்தார். சமையலறையில் நின்று பாத்திரம் கழுவினார்.

நார்சிஸின் வழக்கை ஊர்ப் பஞ்சாயத்தே விசாரித்தது. நான் செய்தேன் என்று மட்டும் சொன்னான்; காரணம் சொல்லவில்லை. யாருக்கும் காரணம் தெரியாமல் இல்லை. இரண்டு குளிர்காலம் துப்பாக்கி தொடக்கூடாது, கோடையில் பொட்டலுக்குப் போய் மான் பார்க்கிற குழுவோடு நடக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவனுக்குச் சம்மதமில்லை. வெறுங்கையோடு மானுக்குப் பின்னால் நடக்கிறதற்கு நான் என்ன நாயா என்று கேட்டான். ஆனாலும் போனான். முதல் கோடையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அடுத்த கோடையில் அண்ணியும் குழுவில் சேர்ந்தார், சமைப்பதற்கு என்று சொல்லிக்கொண்டு. நானும் போனேன். இங்க்ரிட்டும் எங்கள் ஆட்களும் குன்று குன்றாக ஏறிப் பார்த்தோம். கொசு கண்ணுக்குள் புகுந்தது. பல நாள் ஒன்றும் இல்லை. ஒரு காலையில் அண்ணி கரையில் பாத்திரத்துக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது, எதிர்க்கரையிலிருந்து தலைகள் தண்ணீரில் இறங்கின. பெண்மான்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னத் தலை. அவை நீந்தி எங்கள் கரைக்கே வந்தன. அண்ணி அசையவில்லை. பாத்திரம் கையில் பாதி மூழ்கியபடி அப்படியே குந்தியிருந்தார். மான்கள் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு, அவருக்குக் கல்லெறிகிற தூரத்தில் நடந்து போயின. கடைசியாக வந்த குட்டி ஒன்று பாறையில் ஏற முடியாமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அதன் தாய் திரும்பி வந்து நின்றது.

நார்சிஸ் மேட்டில் படுத்துக்கொண்டு பைனாகுலரில் எண்ணிக்கொண்டிருந்தான். இங்க்ரிட்டும் எண்ணினார். இரண்டு பேருக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. "உனக்குக் கண்ணு சரியில்லை" என்று அவன் சொல்ல, "நீ ஒரே குட்டியை ரெண்டு தடவை எண்ணினே" என்று அவர் சொல்ல, காலைச் சாப்பாடு வரைக்கும் சண்டை போட்டார்கள். அண்ணி மான்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, "இத்தனை வருஷம் இதுங்களை வண்டியோட பின்பலகையிலதான் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி" என்றார்.

வேட்டைத் தடை இன்னும் எடுக்கவில்லை. கூட்டம் குறைவது நின்றிருக்கிறது, பெருகியதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து எப்போது என்று கேட்பார்கள். இங்க்ரிட் தெரியாது என்பார். அண்ணி அதை எங்கள் மொழியில் சொல்லிவிட்டு, "எனக்கும் தெரியாது, என்னை முறைக்காதீங்க" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்வார்.

என் முழங்கால் போனதால் சாவடியில் இப்போது என் கட்டிலில் நார்சிஸ் படுக்கிறான். அவன் போடுகிற டீ கஷாயம் மாதிரி இருப்பதாக வருகிறவர்கள் புகார் சொல்கிறார்கள். இவெத் மட்டும் சாவடியில் இறங்குவதில்லை. மீன்வலை போட்டுவிட்டு வரும்போது வண்டியை நிறுத்துவாள், தானே போய்ப் பின்பக்கத்தைத் திறந்து காட்டுவாள், மூடிக்கொண்டு போய்விடுவாள். அண்ணி வாசலில் நின்று கை ஆட்டுவார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.